சத்தமில்லாத படகு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எழுத்து கோழி கிண்டியது போல இருந்தால் கோழியைத் திட்டாதே. இடது கை இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறது. ஆஸ்பத்திரியில் தையல் பிரித்துவிட்டார்கள். வலது தோளுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் இருக்கிறது. சட்டைக் கையை இவள் மடித்து ஊக்கு குத்திவிடுகிறாள். வலி இல்லை. இல்லாத விரல்கள்தான் அரிக்கின்றன.

ஐஸ் ஃபேக்டரி வாசலில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை. பல்லால் கிழிக்கிறேன். வருகிறவர்கள் "எப்படி இருக்கே?" என்று என் சட்டைக் கையைப் பார்த்துக் கேட்கிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் படகை இரவல் வாங்கிக்கொண்டு ஏரிக்குள் போய்ப் பார்த்தேன். ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டால் படகு தன்னைத்தானே சுற்றுகிறது. கரையில் துணி துவைத்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். பாவமாக இருந்தது, நானே முதலில் சிரித்துவிட்டேன்.

கால் இரண்டும் இருக்கிறதே அக்கா. நீ சக்கர நாற்காலிக் கம்பெனியில் படம் வரைகிறவள். சைக்கிள் போல மிதித்து ஓட்டுகிற படகு ஒன்று எனக்கு வரைந்து கொடு. கை சும்மா இருக்க வேண்டும், தூண்டிலுக்கும் துப்பாக்கிக்கும். மீனும் காட்டு வாத்தும் கிடைத்தால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம்.

இவள் நன்றாக இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

•

பிப்ரவரி 24

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். சுற்றுகிற படகு வரை சிரித்தார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. என் மனசுக்குத்தான் சொஸ்தமில்லை.

அந்த விசாரணை அறை என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய், உனக்குத் தெரியாது. நான் உன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் துடுப்புப் படகின்மேல் மோட்டார் படகை ஏற்றிய கண்ணாடிக்காரன் அன்றைக்கும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பனி ஐயா. படகுல விளக்கே இல்ல. இருந்திருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா?" என்றான். விளக்கு எரிந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். உன் மச்சான் தண்ணீருக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டான். நீ மயக்கத்தில். அதிகாரி 'விபத்து' என்று எழுதி, பேனாவை மூடி, டீ சொன்னார். அவ்வளவுதான். மூன்று மோட்டார் படகுகளை வைத்துக்கொண்டு வேட்டைக்கு வரும் பணக்காரர்களை ஏற்றித் திரிகிறவன், மறுநாளே மறுபடி ஏரியில் இறங்கிவிட்டான்.

அவன் நாசமாய்ப் போக. அவன் மோட்டாரோடு சேர்ந்து சேற்றில் புதைய வேண்டும். கத்துவதற்கு வாயைத் திறந்தால் வாய்க்குள் பாசி போக வேண்டும். இதைச் சொல்லாமல் எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்குவதில்லை.

கூடப்பிறந்த அண்ணனைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தாள். சாது. அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

படகு கட்டாயம் வரைகிறேன். தண்ணீர் எவ்வளவு ஆழம், நாணலுக்குள் வழி எவ்வளவு அகலம், அடியில் சேறா மணலா, பாசி எப்படி என்று பார்த்து எழுது.

உன் நினைவாகவே இருக்கும் அக்கா

•

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருவரும் சுகம். நீ கேட்டதற்கு முதலில் பதில்.

நாணல் பக்கம் தண்ணீர் முழங்கால் அளவு, சில இடத்தில் இடுப்பு. அடியில் சேறு. காலை வைத்தால் விடாது. வழி குறுகல், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் நாணல் இடிக்கும். (என்னை மாதிரி ஆள் என்றால் ஒரு பக்கம்தான் இடிக்கும்.) பாசி தலைமுடி மாதிரி நீளமாக மிதக்கும். மோட்டார் படகுகள் பெரிய தண்ணீரை விட்டு இந்தப் பக்கம் வந்தால் மாட்டிக்கொள்ளும்.

எனக்கு வேண்டியவை: அடி தட்டையாக இருக்க வேண்டும். முன்னால் போவது போலவே பின்னாலும் வர வேண்டும். முன்மூக்கில் துப்பாக்கியைத் தாங்க ஒரு கவை வேண்டும், ஒற்றைக் கையால் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. நிறம் காய்ந்த நாணல் நிறம். எல்லாவற்றையும் விட முக்கியம், சத்தம் கூடாது. செயின் கடகடவென்றால் வாத்து எழுந்துவிடும். துடுப்புச் சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு வேண்டும்.

அப்புறம் ஒன்று. அவனைப் பற்றி எழுதாதே. உன் கடிதங்களை இவளும் படிக்கிறாள்.

தம்பி

•

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

உன் சொல்படி அவன் பேச்சை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து அழுத்தமாக இருந்தால் அதுதான் காரணம்.

படங்கள் இதோடு இருக்கின்றன. உங்கள் தச்சருக்குப் புரியும்படி வரைந்திருக்கிறேன். முதலில் துடுப்புச் சக்கரம் வைக்க நினைத்தேன். ஆழமில்லாத தண்ணீருக்கு அதுதான் தோது. ஆனால் சளப் சளப் என்று ஊரைக் கூட்டும். அதனால் புரொப்பெல்லர்தான். இரண்டே இலை, அகலமாக, வாள் மாதிரி பின்னால் வளைந்தவை. பாசி வந்து பட்டால் சுற்றிக்கொள்ளாமல் வழுக்கி விழும். அப்படியும் மாட்டினால் தண்டையே மேலே தூக்கிக்கொள்ளலாம், கீல் வைத்திருக்கிறேன். செயினுக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட். பின்னால் மிதித்தால் பின்னால் வரும். சுக்கானுக்கு உன் இடது கைப் பக்கம் ஒரு கைப்பிடி.

எங்கள் கம்பெனியில் தீயணைப்புக்குத் தண்ணீர் தேக்கும் தொட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனைச் சரிக்கட்டி, இரண்டு டிரம்மைக் கட்டி, அதன்மேல் மாமாவை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் போனார். பெருமை தாங்காமல் என்னைப் பார்த்துக் கையாட்டினார், அடுத்த நொடி செருப்பு மட்டும் மிதந்தது. "உன் தம்பிக்காகத்தான் இந்த அவமானமெல்லாம்" என்று இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறார். ஆனால் சத்தம்? தும்மல் சத்தம்தான். புரொப்பெல்லரில் துளிச் சத்தம் இல்லை.

பல்சக்கரப் பெட்டியைப் பார்சலில் அனுப்புகிறேன். மற்றதை அங்கேயே செய்துகொள்ளலாம். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். அவள் எனக்கு ஒரு வரியாவது எழுதக் கூடாதா?

அக்கா

•

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் தும்மல் நின்றதா? இங்கே எங்களுக்குக் குறையில்லை.

படகு தண்ணீரில் இறங்கிவிட்டது! தச்சர் உன் படத்தைப் பார்த்து, "வரைஞ்சது பொம்பளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதான் ஒரு ஆணிகூட வீணாப் போகல" என்றார். முதல் நாள் ஏரியின் நடு வரை மிதித்துப் போய் நிறுத்தினேன். காற்று மட்டும்தான் கேட்டது. மடியில் தூண்டிலை வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன். இதை மாமாவுக்குப் படித்துக் காட்டாதே. மீன் கிடைக்கிறது. ஐஸ் ஃபேக்டரிக்கு இப்போது நான் ஐஸ் வாங்கப் போகிறேன்.

இரண்டு திருத்தம் வேண்டும். ஒன்று, துப்பாக்கிக் கவை. நீ வைத்தது மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடுகிறது. ஒற்றைக் கைக்கு அடங்கவில்லை. ஆடாத மாதிரி நேராக ஒரே இடத்தில் பூட்டிவிடு. குழல் தண்ணீருக்கு மேல் இரண்டரை அடி உயரத்தில், மட்டமாக, நேர் முன்னால் பார்க்கட்டும். படகையே திருப்பிக் குறி வைத்துக்கொள்வேன்.

இரண்டு, சுக்கான். இடது கையால் சுக்கானைப் பிடித்தால் விசையை எதனால் இழுப்பது? முழங்காலால் சுக்கானைத் திருப்புகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? கொஞ்சம் சீக்கிரம் தேவை.

தம்பி

•

ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடல்நலத்தை விசாரித்து எழுதுகிறேன். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. எழுதவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். எழுத விஷயம் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

இப்போது பறவைகள் முட்டையிடும் காலம். ஏரியில் வேட்டைக்குத் தடை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் எண்ணெய் போட்டுச் சுற்றி வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறார். பின் வாய்க்காலுக்குள் ஒரு கம்பு நட்டு, அதில் எண்ணெய் டின் ஒன்றைக் கட்டியிருக்கிறார். டின் தண்ணீருக்கு மேல் இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. வாத்து தண்ணீரில் அவ்வளவு உயரமாக உட்காராது அண்ணி. படகில் உட்கார்ந்திருக்கும் ஆளின் நெஞ்சுதான் அந்த உயரத்தில் இருக்கும். டின்னில் இப்போது ஓட்டை விழ இடம் இல்லை.

கண்ணாடிக்காரன் விடியற்காலையில் தனியாகப் பின் வாய்க்காலுக்கு வருகிறான். தடைக்காலத்தில் வலை கட்டி, அடைகாக்கும் பறவைகளைப் பிடித்து ஹோட்டலுக்கு விற்கிறான். அவன் எந்தக் கிழமை வருகிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று இவர் பார்த்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

என் அண்ணன் போய்விட்டான். இவரையும் ஜெயிலுக்குக் கொடுக்க என்னால் ஆகாது. அந்தப் படகில் எனக்கும் ஒரு இடம் வையுங்கள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

உங்கள் தம்பி மனைவி

•

ஜூலை 15

அக்காவுக்கு,

நலம்தானே? என் கடிதத்துக்குப் பதிலே இல்லை. கோபமா? கம்பெனியில் வேலை அதிகமா? திருத்தம் இரண்டே இரண்டுதான் கேட்டேன். நீ அனுப்பாவிட்டால் தச்சரை வைத்து நானே ஏதாவது செய்துகொள்வேன். அது உன் வேலை மாதிரி இருக்காது, அவ்வளவுதான்.

தம்பி

•

ஜூலை 28

அன்புத் தம்பிக்கு,

கோபம் இல்லை. உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது தேவலை.

முழங்கால் சுக்கான் நடக்காது. மிதிக்கும்போது முழங்கால் ஏறி இறங்குகிறது, படகு குடித்தவன் மாதிரி போகும். துப்பாக்கியை முன்மூக்கில் பூட்டினால் முன்பக்கம் கனத்துவிடும், பின்னால் எடை வேண்டும். சுடும்போது உதைக்கிற உதைக்கும் அது தேவை. அதனால் பின்னால் இன்னொரு இருக்கை வரைந்திருக்கிறேன். அங்கேயும் மிதி உண்டு, இரண்டும் ஒரே பெல்ட்டில். சுக்கானை உன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அது முழுக்கப் பின்னிருக்கைக்காரர் கையில்.

கவையை நீ கேட்டபடி ஆடாமல் பூட்டியிருக்கிறேன். படகின் மூக்கு எங்கே பார்க்கிறதோ, துப்பாக்கி அங்கேதான் பார்க்கும். பின்னிருக்கையில் உன் மனைவியைத் தவிர வேறு யாரையும் ஏற்றாதே. அவள் எடைக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இதில் எதையாவது மாற்றினால் படகு கவிழும். நான் சொன்னால் சொன்னதுதான்.

உன் அக்கா

•

ஜூலை 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. அவன் செத்தொழிய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எழுதுவது வேறு, என் தம்பி விசையை இழுப்பது வேறு. நேரே தடுத்தால் கேட்க மாட்டான். தச்சரை வைத்துச் செய்துகொள்வேன் என்கிறான்.

அதனால் நீ கேட்ட இடத்தை வைத்துவிட்டேன். சுக்கானை உன்னிடம் கொடுத்திருக்கிறேன். துப்பாக்கி தானாகத் திரும்பாது. படகைத் திருப்பினால்தான் திரும்பும். அந்த நேரம் வந்தால், ஒரு சின்னத் திருப்பு போதும் அம்மா. குண்டு நாணலில் போய் விழும். எதற்காகக் கொடுத்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும்.

உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

அண்ணி

•

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னிருக்கை போட்டாகிவிட்டது. சுக்கான் விரலால் தொட்டாலே திரும்புகிறது. தினமும் இவரோடு போய்ப் பழகுகிறேன். நன்றாக வந்துவிட்டது.

உங்கள் தம்பி மனைவி

•

செப்டம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை விடியும்போது பின் வாய்க்காலுக்குப் போனோம். எங்கே போகிறோம் என்று இவள் கேட்கவில்லை. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். பனி இருந்தது. உன் படகு தன் குணத்தைக் காட்டியது, பக்கத்தில் இருந்த நாரைகூடத் தலையைத் திருப்பவில்லை.

நாணல் திருப்பத்தில் அவன் இருந்தான். பறவைக்குக் கட்டிய வலையே அவன் மோட்டாரில் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. எங்களுக்கு முகம் காட்டி உட்கார்ந்து, வலைத் துண்டு ஒன்றை மடியில் வைத்துக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கூடை நிறையக் காலைக் கட்டிய பறவைகள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. அவன் கண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாதாரணக் கண்தான்.

ஒரு படகு நீள தூரத்தில் நிறுத்தினோம். அப்புறம்தான் நிமிர்ந்தான்.

"யாரு? நல்ல வேளை வந்தீங்க, கொஞ்சம் கயிறு போடுங்க..." என்று ஆரம்பித்தவன் என் சட்டைக் கையைப் பார்த்தான். அப்புறம் துப்பாக்கியைப் பார்த்தான். கத்தி கையிலிருந்து நழுவியது.

"அன்னைக்கு எங்க படகுல விளக்கு எரிஞ்சுதா, எரியலையா?" என்றேன்.

"பனிப்பா. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியல."

விசையில் விரல் வைத்தேன். குழல் அவன் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அக்கா, நான் முட்டாள் இல்லை. சுக்கானை ஏன் பின்னால் வைத்தாய் என்று படத்தைப் பிரித்த அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். இத்தனை மாதமாக அவனைக் கொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் விரல் விசையில் பட்டபோது, இவள் திருப்பிவிடுவாள் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். திருப்பினால் 'சே, கெடுத்துட்டியே' என்று இவள்மேல் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இவள் திருப்பவில்லை.

காற்று லேசாக அடித்தது. மூக்கு தானாக நாணல் பக்கம் விலகியது. எனக்கு மூச்சு வந்தது. பின்னால் சுக்கான் அசைந்தது. மூக்கு திரும்பவும் அவன் நெஞ்சுக்கே வந்து நின்றது. மறுபடி காற்று, மறுபடி மூக்கு விலகியது, மறுபடி அவள் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி அவ்வளவு நிதானம்.

"என்ன யோசனை?" என்றாள் பின்னாலிருந்து. அடுப்பில் என்ன வைக்கட்டும் என்று கேட்கிற குரல்.

என்னால் முடியவில்லை அக்கா. விரல் மரத்துப்போய்விட்டது. அவனோ என்னை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவன்தான் பார்த்தான். பார்த்தவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"பாத்தேன். விளக்கைப் பாத்தேன். நீங்க விலகிடுவீங்கன்னு நினைச்சேன். பின்னாடி வேட்டைக்காரங்க இருந்தாங்க, ஒரு துடுப்புப் படகுக்குப் போய் வேகத்தைக் குறைக்கிறியான்னு சிரிச்சாங்க. அதான்..."

ஒரு சிரிப்புக்காக.

நான் துப்பாக்கியை மடக்கித் தோட்டா இரண்டையும் தண்ணீரில் போட்டேன். அவள் அவனைப் பார்த்து, "இறங்கு" என்றாள்.

"அம்மா, இங்க சேறும்மா..."

"தெரியும். இறங்கு."

இறங்கினான். சேறு இடுப்பு வரை வாங்கிக்கொண்டது, தண்ணீர் நெஞ்சு வரை வந்தது. நாணல் தூரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவள் அவன் படகின் கயிற்றை எங்கள் படகில் கட்டினாள்.

"நாங்க ஏரிக் காவலர்கிட்டப் போறோம். எங்க நிக்கிறேன்னு சொல்றோம். அவங்க வந்து தூக்குவாங்க. இப்ப சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லணும். சொல்லலைன்னா நான் திரும்ப வருவேன். எங்க படகுக்குச் சத்தம் கிடையாது."

இரண்டு பேரும் மிதித்தோம். பாரம் இழுத்ததில் என் தொடை வெடித்துவிடும் போல இருந்தது. அவன் கூப்பிட்ட குரல் பெரிய தண்ணீர் வரை கேட்டது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும் அவளே காவலர்களிடம் போய்ப் பறவைக் கூடையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். "துப்பாக்கியக் காட்டி மிரட்டினீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றாள். மத்தியானம்தான் அவனைக் கயிறு கட்டி இழுத்து எடுத்தார்கள். குரல் போய்விட்டது, பேச்சு போகவில்லை. விளக்கைப் பார்த்ததைக் காவலர் முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பழைய விசாரணையை மறுபடி எடுக்கிறார்கள். என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். என்மேலும் ஒரு கேஸ் உண்டு.

நீ அவளிடம் ஏதாவது கேட்பதாக இருந்தால் நீயே கேள். எனக்குக் கேட்க வரவில்லை.

தம்பி

•

அக்டோபர் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

உடம்பு, மனசு இரண்டும் எப்படி இருக்கின்றன? தம்பி எல்லாவற்றையும் எழுதிவிட்டான். படிக்கப் படிக்க எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடிக்காரன் சேற்றில் நின்று கதறினான் என்று படித்தபோது இனித்தது, அதை மறைக்க மாட்டேன். இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் தங்கச்சி, நான் உன்னிடம் சுக்கானைக் கொடுத்தது திருப்பத்தானே? அவன் விசையை இழுத்திருந்தால்? ஜெயிலுக்குக் கொடுக்க முடியாது என்று நீதானே எழுதினாய்? எனக்கு ஒரு பதில் எழுது. திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

அண்ணி

•

டிசம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தீர்ப்பு வரட்டும் என்று இருந்தேன்.

வந்துவிட்டது. கண்ணாடிக்காரனுக்கு மூன்று வருஷம் ஜெயில். படகு ஓட்டும் லைசென்ஸ் இனி எந்தக் காலத்திலும் கிடையாது. இவருக்கு அபராதத்தோடு விட்டார்கள், துப்பாக்கி மட்டும் திரும்பி வராது. வண்டியில் ஏற்றும்போது அவன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். நான் அவனுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றிருந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். படகில் இடம் வையுங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. சாது என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். விசாரணை அறையில் நான் அழாமல் இருந்தது சாதுவாக இருந்ததால் இல்லை. அழுதால் அவன் முகம் மறைந்துவிடும், அதனால்தான் அழவில்லை.

இவரை ஜெயிலுக்குக் கொடுக்க முடியாது என்று எழுதியது பொய் இல்லை. காவலர்கள் கேட்டால் விசையை நான்தான் இழுத்தேன் என்று சொல்லுவதாக இருந்தேன். ஒற்றைக் கைக்காரரை விட்டுவிட்டு என்னைத்தான் நம்பியிருப்பார்கள். அதற்குத்தான் அந்த இடம். இவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

இவர் சுடாததற்கு எனக்குக் கோபம் இருந்தது. கொஞ்ச நாள் அதிகமாகவே இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது. போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

தினமும் இரண்டு பேரும் மீனுக்குப் போகிறோம். நன்றாகக் கிடைக்கிறது. இவர் முன்னால் உட்கார்ந்து தூண்டில் போடுவார், நான் பின்னால் மிதிப்பேன். முன்பெல்லாம் வழி முழுக்கக் கதை பேசிச் சிரிக்க வைப்பார். இப்போது பேச்சு குறைந்துவிட்டது. நேற்று நடு ஏரியில், திரும்பாமலே, "நீ முன்னாடி வந்து உக்காரேன். நான் கொஞ்சம் பின்னாடி இருக்கேன்" என்றார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"சும்மாதான். நீ பின்னாடி இருந்தா முதுகு கூசுது" என்றார்.

எழுந்துபோய் முன்னால் உட்கார்ந்தேன். தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு இவர் பின்னால் போனார். கரை வரை அவர்தான் ஓட்டி வந்தார். நன்றாகவே ஓட்டினார். நான் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி